சார்ட்டர் விமான வேலையும் எங்கள் வீட்டு மஷூராவும்

உரிமம் பெற்று இரண்டரை ஆண்டுகள் காத்திருந்த பின் எனக்கு வந்த முதல் விமானி வேலை ஒரு சார்ட்டர் நிறுவனத்திலிருந்து வந்தது. நேர அட்டவணைப்படி பறக்கும் பெரிய நிறுவனம் அன்று அது. கேட்பவருக்கு, கேட்ட நாளில், கேட்ட ஊருக்கு விமானத்தை வாடகைக்கு அனுப்பும் சிறு நிறுவனம். பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி 200 என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தில் துணை விமானிப் பணி, இருப்பிடம் மீனம்பாக்கம். பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் தந்தார்கள். அந்தப் பத்து நாள்களில் மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்த மஷூராவை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் இப்போது பெருகி வருகின்றன. எங்களிடம் எழுந்த கேள்விகள் அவர்கள் வீட்டுக் கதவையும் ஒருநாள் தட்டும்.

முதலில் இந்தத் தொழிலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்குத் தலைமை விமானியாகும் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் தேவை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 1,300 மணி நேரத்தை யார் சம்பளம் கொடுத்துப் பறக்க விடுவார்கள் என்பதுதான் இளம் விமானியின் வாழ்க்கைப் பிரச்சினை. 200 மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். எங்கள் வாப்பா கீழக்கரையில் இருந்த மனையை விற்று அதை வாங்கித் தந்தார்கள். வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்ததால், வங்கிக்குப் போக வேண்டிய இடத்தில் உம்மாவின் வளையல்கள் போயின. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கேட்பது ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான தனிப் பயிற்சி. அதற்கும் பல லட்சம். விற்பதற்கு எங்களிடம் வேறு மனை இல்லை.

இந்த நிலையில் சார்ட்டர் வேலை என்பது ஓர் அருட்கொடை போலத் தெரிந்ததில் வியப்பில்லை. இந்த விமானங்களில் பயணம் செய்வோர் தொழிலதிபர்கள், அரசியல் தலைவர்கள், திரைத்துறையினர். இவர்களோடு இன்னொரு வகையினரும் உண்டு. வேறு ஊர் மருத்துவமனையிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரப்படும் நோயாளிகள். படுக்கையும் உயிர்வாயுக் கருவியும் பொருத்திய கிங் ஏர் விமானம் ஒரு பறக்கும் அவசர ஊர்தியாகிவிடும். பெரிய விமானம் இறங்க முடியாத சிறு ஓடுபாதையிலும் அது இறங்கும். ஓர் உயிரைக் காப்பவர் மனித குலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்னும் பொருளில் சூரா அல்மாயிதாவில் வரும் வசனத்தை மக்தபில் ஓதிய பருவத்திலிருந்து அறிந்தவன் நான். அந்த வசனம் சம்பளத்தோடு சேர்ந்து வரும் வேலை என்றே என் மனம் கணக்குப் போட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டில் எல்லோரும் கூடினோம். வாப்பா, உம்மா, தி. நகர் கடையை வாப்பாவோடு சேர்ந்து நடத்தும் சாச்சா, சாச்சி, என் லாத்தா. தங்கள் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோரை அல்லாஹ் தொழுகையாளிகளோடும் தர்மம் செய்வோரோடும் சேர்த்துப் பாராட்டுகிறான். அந்த அத்தியாயத்துக்கே ஷூரா என்று பெயர். ஆனால் எங்கள் வீட்டு மஷூரா அவ்வளவு அமைதியாக நடப்பதில்லை. காற்று மேற்கிலிருந்து வீசும் நாள்களில் கடற்பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் மயிலாப்பூர், நந்தனம், சைதாப்பேட்டைக்கு மேலாகத்தான் போகும். ஒவ்வொன்று கடக்கும்போதும் சாச்சா, “இதில் நம்ம தம்பி இருந்திருக்கணும்” என்று பேச்சை நிறுத்துவார்.

முதல் கேள்வி உம்மாவுடையது. “அந்தப் பிளேனில் குடிப்பார்களா?”

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி அன்று அது. விமானி குடிப்பதற்கில்லை, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது என்பது நாட்டின் சட்டம், புறப்படும் முன் மூச்சுப் பரிசோதனையும் உண்டு. நான் படிக்காமலே தேறும் ஒரே தேர்வு அதுதான். ஆனால் வாடகைக்கு எடுத்தவர் தமக்கு வேண்டியதைக் கொண்டுவரலாம். அதோடு, சிறு சார்ட்டர் விமானத்தில் பணிப்பெண்கள் கிடையாது. கதவைத் திறப்பது, பெட்டிகளை ஏற்றுவது, பாதுகாப்பு விளக்கம் தருவது, உணவுப் பெட்டியை அடுக்குவது எல்லாம் துணை விமானியின் வேலை. பனிக்கட்டிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. மதுவோடு தொடர்புடைய பத்து வகையினரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதியில் வரும் ஹதீஸில் அதைச் சுமப்பவரும் சேர்ந்திருக்கிறார் என்பதை உம்மா அறிந்திருந்தார்கள்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். பிறருடைய மதுவைக் கூலிக்குச் சுமப்பதைப் பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும் வேறுபட்ட கருத்துக் கொண்டிருந்ததை ஹஜ்ரத் விளக்கினார்கள். பிறகு, “உன் ஒப்பந்தம் மனிதர்களைக் கொண்டுபோவதற்கு. அவர்கள் பையில் இருப்பதற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் நீயாக அடுக்காதே, நீயாக ஊற்றிக் கொடுக்காதே. அதை முன்கூட்டியே சொல்லிவிடு” என்றார்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “அதைத் தரையில் இருக்கும் ஆள் ஏற்றிவிடுவார், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதை மறைக்க எனக்கு உரிமையில்லை.

தொழுகை, நோன்பு பற்றிய கேள்விகளும் இப்படியே எளிதில் தீர்ந்தன. வாப்பா வழி ஷாஃபி. உம்மா பள்ளப்பட்டி, ஹனஃபி. ஆகவே பயணத் தொழுகை பற்றி எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு தீர்ப்புகள் கைவசம் இருக்கும். ஷாஃபி வழியில் பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம், லுஹரை அஸருடனும் மஃக்ரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி வழியில் சுருக்குவது உண்டு, ஹஜ்ஜின் சில இடங்கள் தவிரச் சேர்ப்பது இல்லை. சார்ட்டர் பயணங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரமே என்பதால் உம்மாவின் மத்ஹபின்படியும் தொழுகையைத் தரையிலேயே உரிய நேரத்தில் நிறைவேற்றிவிட முடியும். நோன்பைப் பொறுத்தவரை, பயணத்தில் இருப்போர் வேறு நாள்களில் எண்ணிக்கையை நிறைவு செய்யலாம் என்ற சலுகையைக் குர்ஆனே தருகிறது. நம் பிள்ளைகளில் சிலர் அந்தச் சலுகையை எடுப்பதை ஈமானின் குறைவாக நினைக்கிறார்கள். மக்கா வெற்றியின் ஆண்டில் ரமலானில் புறப்பட்ட படை களைத்தபோது நபி (ஸல்) அவர்கள் எல்லோரும் பார்க்க நீர் அருந்தி நோன்பை விட்டார்கள் என்பதும், அதன் பின்னும் நோன்பைத் தொடர்ந்தவர்களை அவர்கள் மெச்சவில்லை என்பதும் ஹதீஸில் உள்ளவை. பின்னால் எட்டுப் பேர் அமர்ந்திருக்க, நாவறண்டு, இரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலையில் ஓடுபாதையைத் தேடுவது என் தனிப்பட்ட இபாதத் ஆகாது.

இவ்வளவுதான் மார்க்கக் கேள்விகள் என்று எல்லோரும் எழுந்தோம். சாச்சி பாயாசம் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் வாப்பா ஒப்பந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தார்கள்.

அதில் மூன்றாண்டுப் பாண்டு இருந்தது. கிங் ஏர் விமானத்துக்கான பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்கும். மூன்றாண்டுக்குள் நான் விலகினாலோ, “ஒழுங்கு காரணங்களுக்காக” நீக்கப்பட்டாலோ 18 லட்சம் ரூபாய் நான் தர வேண்டும். அதற்குப் பிணையாகத் தேதியும் தொகையும் எழுதாத இரண்டு காசோலைகள், வாப்பாவின் கையொப்பத்துடன். விமானத் தொழிலில் இது புதிதன்று, பலரும் கொடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். வாப்பா முப்பதாண்டு காலம் பாண்டி பஜார் பக்கத்தில் பை வியாபாரம் செய்தவர்கள். எதுவும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனிடம் சரக்குக்காரன் எப்படிப் பேசுவான் என்பதைக் கண்டவர்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்தச் செக்கு அவர்கள் மேசையில் இருக்கும்போது, இன்றைக்கு மழை, பிளேனை எடுக்க மாட்டேன் என்று நீ சொல்லுவியா?”

நான் பதில் சொல்லவில்லை. தொகை பெரிதா சிறிதா என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். அந்தத் தொகைக்கும் மழைக்கும் உள்ள உறவு, விமானம் ஓட்டத் தெரியாத வாப்பாவுக்கு முதலில் தெரிந்தது.

அன்றிரவு தொடங்கி விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தேன். சார்ட்டர் விமானங்களின் வரலாற்றில் நம் சமுதாயத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறிய மாட்டார்கள். அந்தத் தொடர்பு ஹஜ். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் பல்லாயிரம் பேரை ஒரே ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர எந்த நாட்டு நிறுவனத்திடமும் போதிய விமானங்கள் இருப்பதில்லை. எனவே விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்பீடு அனைத்தையும் சேர்த்து வேறு நாட்டுச் சார்ட்டர் நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுப்பது நெடுங்கால வழக்கம்.

1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியே ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின்ஏர் என்னும் டச்சு நிறுவனத்தின் டிசி 8 விமானம், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துச் சீக்கிரமே கீழே இறங்கிவிட்டனர். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் மலை அது. நான்காண்டு கழித்து, 1978 நவம்பர் 15 அன்று, ஜித்தாவிலிருந்து திரும்பும் இந்தோனேசிய ஹாஜிகளுடன் ஐஸ்லாந்து நிறுவனத்தின் இன்னொரு டிசி 8 கட்டுநாயக்காவில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னால் தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். வானமே தெரியாத ஊர்களில் இருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள், நம் பெற்றோரைப் போல.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது 1991 ஜூலை 11, ஜித்தா. ஹஜ்ஜை முடித்த நைஜீரிய ஹாஜிகள் 247 பேரையும் 14 பணியாளர்களையும் ஏற்றிக்கொண்டு சொகோட்டோவுக்குப் புறப்பட்டது ஒரு டிசி 8. நைஜீரியா ஏர்வேஸின் பயணம்; விமானமும் பணியாளர்களும் கனடாவின் நேஷன்ஏர் என்னும் சார்ட்டர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டு டயர்களில் காற்றழுத்தம் குறைவாக இருந்ததைப் பராமரிப்புப் பணியாளர் அறிந்திருந்தார்கள். நிரப்புவதற்கான நைட்ரஜன் உடனே கைக்குக் கிடைக்கவில்லை. பயண அட்டவணையோ பின்தங்கியிருந்தது. தாமதம் வேண்டாம் என்று விமானம் அப்படியே அனுப்பப்பட்டது. ஓடுபாதையில் ஓடும்போதே டயர்கள் வெடித்துத் தீப்பற்றின. எரியும் சக்கரங்கள் வயிற்றுக்குள் மடிந்தன. என்ன நடக்கிறது என்பது விமானிகளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, அதே நேரத்தில் வேறொரு விமானமும் காற்றழுத்தக் கோளாறு என்று அறிவித்ததால் கட்டுப்பாட்டு அறை இரண்டையும் சிறிது நேரம் குழப்பிக்கொண்டது. திரும்பி வந்து ஓடுபாதையை எட்டுவதற்குச் சற்று முன் விமானம் உடைந்து விழுந்தது. 261 பேர்.

அந்தப் பராமரிப்புப் பணியாளர் கெட்டவரல்லர். குறை அவருக்குத் தெரிந்திருந்தது, நைட்ரஜனும் தேடினார். “காற்று நிரப்பாமல் இது புறப்படாது” என்று சொல்லக்கூடிய இடம் அவருக்கு அந்த நிறுவனத்தில் இல்லை. அவ்வளவுதான். வாப்பாவின் கேள்வி இங்கே, ஜித்தாவின் ஓடுபாதை ஓரத்தில், வேறொரு உருவில் நின்றது.

நம் ஊருக்குப் பக்கத்திலும் ஓர் அறிக்கை உண்டு. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. துபாயிலிருந்து நம்மவர்களை மீட்டுக்கொண்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். அது சார்ட்டர் நிறுவனம் அன்று, ஆயினும் ஒரு துணை விமானி படிக்க வேண்டிய அறிக்கை. மழையில் முதல் முயற்சி கைகூடாமல், மறு திசையில் வால்காற்றோடு இறங்கி, மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தனர், இரு விமானிகளும் அவர்களுள் அடக்கம். மறுநாள் காலைப் பயணத்துக்குத் தலைமை விமானி அதே ஊரில் இருந்தாக வேண்டிய நிலை அவரை எப்படி அழுத்தியது என்பதை விசாரணை அறிக்கை விரிவாகப் பேசுகிறது. துணை விமானி மீண்டும் மேலெழும்பச் சொன்னார். ஆனால் அவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை. இடப்பக்க இருக்கையில் அனுபவசாலி, வலப்பக்கத்தில் இளையவர். நான் அமரப்போவது அந்த வலப்பக்க இருக்கை.

அடையாறில் ஒரு மூத்த கேப்டன் இருக்கிறார். நீண்ட காலம் சார்ட்டர் விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நண்பன் ஒருவன் மூலம் அவரைச் சந்தித்தேன். சார்ட்டர் தொழிலை அவர் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால், தம் வாழ்க்கையின் சிறந்த பறத்தல் அங்கேதான் என்றார். பெரிய நிறுவனத்தில் வானிலையைப் பார்ப்பதற்கும் எரிபொருளைக் கணக்கிடுவதற்கும் தரையில் ஓர் அலுவலகமே இருக்கும். சார்ட்டரில் எல்லாம் நம் தலைமேல், ஆகவே கற்றுக்கொள்வதும் அதிகம். “வித்தியாசம் ஒன்றுதான் தம்பி. பெரிய நிறுவனத்தில் நீங்கள் முடியாது என்றால் நூற்றெண்பது பேர் கோபப்படுவார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. இங்கே கோபப்படுவது ஒரே ஆள்தான். அவர் விமானத்தின் வாலருகே நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் முதலாளியின் கைப்பேசி எண்ணும் அவரிடம் இருக்கும்.”

அவர் பெயர்கள் சிலவற்றை நினைவூட்டினார். 2001 செப்டம்பர் 30 அன்று மாதவராவ் சிந்தியா கான்பூர்க் கூட்டத்துக்குப் போகும் வழியில் மோசமான வானிலையில் விழுந்ததும் கிங் ஏர் வகை விமானம்தான். உடனிருந்த எல்லோரும் மாண்டனர். 2002 மார்ச் 3 அன்று மக்களவைத் தலைவர் பாலயோகி சென்ற தனியார் ஹெலிகாப்டர் ஆந்திராவில் ஒரு குளத்தில் விழுந்தது. “அந்த விமானிகள் மேல் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. காத்திருக்கும் கூட்டம் எப்போதும் விமானத்துக்குள்ளே இருக்கும் என்று சொல்கிறேன்” என்றார். விடைபெறும்போது, நிறுவனத்திடம் கேட்க ஒரே கேள்வியைத் தந்தார்: கடைசியாகப் பயணத்தை ரத்து செய்த விமானி யார், மறுநாள் அவருக்கு என்ன நடந்தது?

இடையில் சூரா அல்கஸஸை மீண்டும் ஓதினேன். வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய வசனம் என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது மத்யன் பெரியவரின் மகள் மூஸா (அலை) அவர்களைக் குறித்துச் சொன்னது: வலிமையும் நம்பகமும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்ற கருத்து. வலிமை என்பது விமானிக்குத் திறமை. நம்பகம் என்பது அமானிதம். பயான்களில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்தைப் பாருங்கள். அதில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: எட்டாண்டு வேலை, பத்தாக்கினால் அது அவர் விருப்பம். அந்த ஒப்பந்தத்தில் முதலாளி தம் பக்கத்து வாக்கையும் கொடுக்கிறார்: உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை, நல்லவனாகவே என்னைக் காண்பீர் என்ற கருத்தில். மூஸா (அலை) அவர்களும் வாயடைத்து நிற்கவில்லை. இரண்டில் எந்தக் கெடுவை முடித்தாலும் தம்மீது அத்துமீறல் இருக்கக் கூடாது என்று தம் நிபந்தனையைச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். எகிப்திலிருந்து உயிர்தப்பி ஓடி வந்தவர், கையில் ஒன்றுமில்லாதவர், தங்க இடம் தேடுபவர். அவரும் ஒப்பந்தம் பேசினார். எனக்கு மூன்றாண்டு என்பது பெரிதாகத் தெரியவில்லை. முதலாளியின் பக்கத்து வாக்கு என் கடிதத்தில் எங்கே என்று தேடினேன்.

எட்டாம் நாள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பாளர் தேநீர் தருவித்து நன்றாகவே பேசினார். இரண்டு வேண்டுகோள்கள் வைத்தேன். ஒன்று, பயிற்சிச் செலவை மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், குறைந்த சம்பளத்துக்கும் சம்மதம், எதுவும் எழுதாத காசோலை வேண்டாம். இரண்டு, பாதுகாப்புக் காரணத்துக்காகப் பறக்க மறுப்பது “ஒழுங்கு காரணம்” ஆகாது என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பிறகு கேப்டன் தந்த கேள்வியையும் கேட்டேன்.

அவர் சிரித்தார். கோபமில்லாத, பெருமிதம் கலந்த சிரிப்பு. “நம்ம விமானிகள் ரத்து பண்ண மாட்டாங்க. எப்படியாவது வழி கண்டுபிடிச்சிடுவாங்க” என்றார். காசோலையைப் பற்றி, “எல்லோரும் தந்ததுதானே, உங்களுக்கு மட்டும் மாற்ற முடியுமா?” கடிதத்தில் வரி சேர்ப்பது பற்றி, “எழுத்தில் எதற்கு? நாங்கள் குடும்பம் மாதிரி.”

விதிமுறைகளின்படி வானிலை எல்லைக்குக் கீழே எவரும் இறங்கக் கூடாது என்பதும், ஓய்வு நேரக் கணக்கு உண்டு என்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை மீறச் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கு மேலே ஓர் அடி, ஓய்வில் சரியாகக் கடைசி நிமிடம், எரிபொருளில் சட்டம் கேட்கும் அளவு மட்டும். இப்படி விதிக்குள்ளேயே ஒருவனை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் அவனுக்குத் துணை நிற்க வேண்டியது அவன் தைரியம் மட்டும் என்றால், அது போதாது. என் தைரியத்தின் அளவு எனக்குத் தெரியும். வாப்பாவின் கையொப்பம் அவர்கள் அலமாரியில் இருக்கும் நாளில் அது இன்னும் குறையும் என்பதும் தெரியும். தவிர, 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் கொண்டுவந்த விதியின்படி துணை விமானி ஆறு மாதம், தலைமை விமானி ஓராண்டு முன்னறிவிப்புத் தந்தே விலக முடியும். உள்ளே போய்ப் பார்த்துப் பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் என்று சாச்சா சொன்னது இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது.

அந்த இரவுகளில் இஸ்திகாரா தொழுதேன். மறுநாள் காலை சாச்சி கேட்ட முதல் கேள்வி, “என்ன கனவு கண்டாய் வாப்பா? பச்சையா, வெள்ளையா?” என்பதே. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும்தான். கனவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அறியாதவனாக, அறிந்தவனிடம் காரியத்தை ஒப்படைக்கிறோம். நன்மையானால் எளிதாக்கித் தரும்படியும், தீமையானால் நம்மைவிட்டு அதைத் திருப்பிவிட்டு, கிடைப்பதில் மனநிறைவைத் தரும்படியும் கேட்கிறோம். நான் கனவு எதுவும் காணவில்லை. மனத்தில் விளக்கு எதுவும் எரியவும் இல்லை. என் கோரிக்கைகள் இரண்டும் மறுக்கப்பட்டிருந்தன. அதைவிடத் தெளிவாக ஒரு காரியம் திருப்பப்படுவதை நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் இது உவப்பாக இருந்தது என்று எழுத முடியாது. மனை போயிற்று, வளையல் போயிற்று, வந்த வேலையையும் வேண்டாம் என்கிறான் என்று சாச்சா மனம் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. அவர்கள் கைப்பணமும் என் படிப்பில் இருக்கிறது. லாத்தாவின் கணவர், ரிஸ்க் அல்லாஹ்வின் கையில், பயந்தால் முடியுமா என்று கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அவருக்கு வாப்பாதான் நினைவூட்டினார்கள். உம்மா அதிகம் பேசவில்லை. மது பற்றிய என் நிபந்தனையை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டவர்கள், மழை பற்றிய நிபந்தனையை ஏற்கவில்லையே என்று மட்டும் ஒருமுறை கேட்டார்கள்.

பத்தாம் நாள் காலை, நன்றி கூறி, பணியை ஏற்க இயலவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினேன். காரணத்தை இரண்டு வரியில் எழுதினேன். பதில் வரவில்லை.

சார்ட்டர் வேலையே வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை. அடையாறு கேப்டன் வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நோயாளிகளைக் கொண்டுவரும் பணி அங்கே அதிகம். பயணத்தை ரத்து செய்த விமானியின் முடிவை விசாரிக்காமல் ஏற்பது அங்கே எழுதப்பட்ட வழக்கம் என்கிறார். அங்கே இப்போது இடமில்லை. விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதுவரை தி. நகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வானிலையியலும் வான்வழி கணிப்பும் கற்பிக்கிறேன். மாலையில் வாப்பாவின் கடையில் நிற்கிறேன். அடுத்த மாதம் என் மருத்துவத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான தொகையை இந்த மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.